ஃபிகர் ஸ்கேட்டிங்: புதிதாகப் பார்க்க ஆரம்பித்த பிள்ளைக்கு வரலாற்றை எங்கிருந்து சொல்வது?

#1 வைகைக்கரை

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள், ஆனால் மனசெல்லாம் ஐஸில்தான். அமெரிக்காவின் மலினின் எத்தனை குவாட் (காற்றில் நாலு சுற்றுத் தாவல்) அடித்தார், ஜப்பானின் ஹன்யு எந்த சீசனில் என்ன உடை போட்டார், எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. 2010க்கு முந்தைய வீடியோ எதைப் போட்டாலும் "என்ன மாமா, ஸ்லோ மோஷன்ல ஓடுது" என்று தள்ளிவிடுகிறாள்.

சூர்யா போனாலி என்ற வீராங்கனை பேக்ஃப்ளிப் (பின்னோக்கிக் குட்டிக்கரணம்) அடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "தடை பண்ணினதை அவங்க ஏன் பண்ணாங்க? தப்புன்னா இப்ப ஏன் அனுமதிச்சாங்க?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இங்கே பழைய ரசிகர்கள் இருக்கிறீர்கள். பதக்கப் பட்டியல் வேண்டாம், அது விக்கிபீடியாவில் கிடைக்கும். இந்த விளையாட்டு ஏன் இப்படி ஆனது என்று பதினாலு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எங்கிருந்து தொடங்கலாம்?

#2 எட்டுக்கோடு

1972 சப்போரோ ஒலிம்பிக்கிலிருந்து தொடங்குங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

அந்தக் காலத்துப் போட்டியில் பாதி மதிப்பெண் பாட்டுக்கோ தாவலுக்கோ கிடையாது. வெறும் ஐஸில் ஒற்றைக் காலில் வட்டங்களும் எட்டுகளும் போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே இரண்டாவது, மூன்றாவது தடவை போக வேண்டும். கோடு எவ்வளவு விலகியிருக்கிறது, பிளேடின் உள் விளிம்பா வெளி விளிம்பா என்று நடுவர்கள் குனிந்து, சில சமயம் மண்டிபோட்டுப் பார்த்து மார்க் போடுவார்கள். கட்டாயக் கோலங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப காலத்துக்கு மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான்.

ஆஸ்திரியாவின் பியட்ரிக்ஸ் ஷூபா இதில் ராணி. சப்போரோவில் கோலங்களிலேயே அவ்வளவு தூரம் முன்னே போய்விட்டார். பாட்டுக்கு ஆடும் பகுதியில் ஏழாவது இடம் வந்தும் தங்கம் அவருக்கு. அந்தப் பகுதியில் எல்லாரையும் மயக்கியது அமெரிக்காவின் ஜேனட் லின். நடுவில் ஒரு ஸ்பின்னில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டு, சிரித்தபடியே எழுந்து ஆடினார். ஜப்பானே அந்தச் சிரிப்பில் விழுந்தது. ஆனால் கிடைத்தது வெண்கலம்.

இப்போது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். கோலப் போட்டியை டிவி சரியாகக் காட்டுவதே இல்லை. அவர் கண்ணுக்கு ஏழாவதாக ஆடியவர் தங்கம் வாங்குகிறார். "என்னய்யா இது?" என்றுதான் கேட்பார். மறு வருஷமே, 1973இல், ஷார்ட் புரோகிராம் என்று பாட்டுக்கு ஆடும் குறுகிய ஆட்டம் ஒன்றைச் சேர்த்துக் கோலங்களின் பங்கைக் குறைத்தார்கள். அப்புறம் படிப்படியாகக் குறைத்து, 1990 சீசனோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து தூக்கியே விட்டார்கள்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இந்த விளையாட்டில் விதி முதலில் வந்து ஆட்டம் பின்னால் வருவதில்லை. யாரோ ஒருவர் ஆடி வைப்பார், ஊர் பேசும், அப்புறம்தான் விதி நொண்டிக்கொண்டு வரும்.

#3 குவாட் ராஜா

அண்ணா, கோடு போட்டுத் தங்கமா? 😂 நான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

#4 எட்டுக்கோடு

தம்பி, ஷூபா போட்ட ஒரு எட்டை நீ ஒற்றைக் காலில் போட்டுக் காட்டு, நான் தூங்கிக் காட்டுகிறேன். உன் மலினின் லட்ஸ் என்ற தாவலுக்கு ஏறும்போது பிளேடு வெளி விளிம்பில் நிற்கிறதே, அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கோலங்கள்தான்.

#5 ஸ்காபரோ சித்தப்பா

தம்பிமார், 1972க்கும் முன்னால் போக வேண்டும். ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற ஆளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே!

அவர் நியூயோர்க் ஆள், நடனம் பயின்றவர். 1860களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஸ்கேட்டிங் என்றால் முதுகை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, கனவான் மாதிரிக் கோடு போடுவது. இவர் கையை விரித்து, பாலே மாதிரி உடம்பை வளைத்து ஆடினார். சொந்த நாட்டில் அவ்வளவாக எடுபடவில்லை. ஐரோப்பாவுக்குப் போனார். வியன்னா அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வால்ட்ஸ் பிறந்த ஊர் அல்லவா, பாட்டுக்கு ஐஸில் ஆடுகிறான் என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும். உட்கார்ந்தபடி சுற்றும் சிட் ஸ்பின் அவருடையது. அந்த நாளில் பிளேடைச் சப்பாத்தோடு வாரால் கட்டுவார்கள். இவர் அதைச் சப்பாத்திலேயே திருகிப் பூட்டினார். காலுக்குப் பிடிமானம் வந்த பிறகுதானே தாவலாம்.

1875இல் பின்லாந்தின் கொக்கோலாவில் காலமானார். சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் பிறந்தது 1892இல், முதல் உலகப் போட்டி 1896இல் சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கில். இரண்டையுமே அவர் பார்க்கவில்லை. ஆனால் வியன்னாவில் அவரைப் பார்த்து ஆடப் பழகியவர்களின் பாணிதான் உலகப் பாணியாக வந்தது.

#6 நிலாமுற்றம்

பெண் பிள்ளைக்குச் சொல்கிறீர்கள், மேட்ஜ் சையர்ஸை விட்டுவிட்டீர்களே!

1902 உலகப் போட்டி லண்டனில். விதிப் புத்தகத்தில் "ஆண்கள் மட்டும்" என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பெண் வருவாள் என்று யாரும் யோசித்திருந்தால்தானே எழுதுவார்கள்! சையர்ஸ் பெயரைக் கொடுத்தார், ஆடினார், இரண்டாம் இடம். முதலிடம் உல்ரிக் சால்கோ. ஆமாம், சால்கோ தாவல் என்கிறோமே, அவரேதான்.

உடனே சம்மேளனம் பெண்களுக்குத் தடை போட்டது. சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: நீளப் பாவாடை பாதத்தை மறைப்பதால் நடுவருக்குத் தெரியவில்லை; நடுவர் ஒருவர் தான் விரும்பும் பெண்ணுக்கே மார்க் போட நேரலாம். இரண்டாவது காரணத்துக்குத் தடை போட வேண்டியது நடுவருக்குத்தான், ஆட வந்தவளுக்கு இல்லை. முதல் காரணத்துக்குப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார் சையர்ஸ். 1903இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை ஆண்களோடு போட்டியிட்டே வென்றார். மறு வருஷமும் வென்றார், அந்த முறை தோற்றவர்களில் அவர் கணவரும் ஒருவர். 1906இல் பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சையர்ஸுக்குத் தங்கம், கணவரோடு ஜோடிப் பிரிவில் வெண்கலம்.

பாவாடை நீளத்தை இன்னும் ஏற்றியது நார்வேயின் சோன்யா ஹெனி. 1924இல் 11 வயசில் ஒலிம்பிக்குக்கு வந்து கடைசி இடம். அப்புறம் 1928, 1932, 1936 மூன்றிலும் தங்கம், பத்து உலகப் பட்டங்கள், பிறகு ஹாலிவுட். குட்டைப் பாவாடை, வெள்ளை ஷூ எல்லாம் அவரால்தான் வழக்கமானது. பெர்லினில் ஹிட்லருக்கு நாஜி வணக்கம் வைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதே நார்வே பத்திரிகைகள் கண்டித்திருக்கின்றன. பதினாலு வயசுக்கு இது புரியும்.

#7 குவாட் ராஜா

சரி, எல்லாரும் பாவாடை, வால்ட்ஸ் என்று போய்விட்டீர்கள். அந்தப் பொண்ணு என் கட்சி, அவளுக்காக நான் பேசுகிறேன்.

ஆக்ஸல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பார்த்து ஏறும் ஒரே தாவல் அது. இறங்குவது பின்பக்கமாக, அதனால் எப்போதும் அரைச் சுற்று கூடுதல். 1882இல் வியன்னாவில் ஆக்ஸல் பால்சன் ஒற்றை அடித்தார், அதுவும் வேகப் பந்தய ஸ்கேட் போட்டுக்கொண்டு. 1948 ஒலிம்பிக்கில் டிக் பட்டன் டபுள். 1978இல் வெர்ன் டெய்லர் டிரிபிள். 2022 செப்டம்பரில் லேக் பிளாசிட்டில் இலியா மலினின் குவாட், அதாவது நாலரைச் சுற்று, ஒரு நொடிகூட காற்றில் இருக்காமல். ஒரே தாவல், 140 வருஷம். இதைவிட என்ன வரலாறு வேண்டும்?

கலை கலை என்பதெல்லாம் தாவ முடியாதவர்கள் சொல்வது. 🏃

#8 ஸ்காபரோ சித்தப்பா

வெர்ன் டெய்லர் கனேடியர் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அவர் அதை இறக்கியது ஒட்டாவாவில். முதல் குவாட் டோ லூப்பும் எங்கள் கேர்ட் பிரவுனிங், 1988, புடாபெஸ்ட். 😊

#9 நிலாமுற்றம்

தாவல் கட்சிக்காரருக்கு ஒரு கேள்வி. மிடோரி இடோ எந்தக் கட்சி?

1988 கல்கரியில் அவர் தாவியதைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்றது. முடிவில் ஐந்தாம் இடம். கோலங்களில் பத்தாவதாக வந்ததுதான் காரணம். அதே வருஷம் போட்டியில் டிரிபிள் ஆக்ஸல் அடித்த முதல் பெண் ஆனார். 1989 பாரிஸில் உலக சாம்பியன், ஆசியாவிலிருந்து முதல் ஆள். 1992 ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்ஸலில் விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டுவிட்டுப் பத்திரமாக முடித்திருப்பார்கள். இவர் நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில், கால் ஓய்ந்த பிறகு, மறுபடி ஏறி அடித்து நின்றார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதல் தடவை. வெள்ளி கிடைத்தது.

நான் அதைத் தாவல் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அந்த முடிவை எடுத்தாரே, அதுதான் எனக்கு நடிப்பு, நடனம் எல்லாம்.

#10 வைகைக்கரை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. எட்டுக்கோடு அண்ணா எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். "அது எங்க கிளாஸ்லயே இருக்கே மாமா" என்கிறாள்! ரோலர் தளத்தில் தரையில் வட்டங்கள் பெயிண்ட் அடித்திருக்கிறதாம், அதன் மேலேயே ஒற்றைக் காலில் ஓட்டச் சொல்வார்களாம். தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேக்ஃப்ளிப் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை.

#11 எட்டுக்கோடு

அதேதான்! ஐஸில் செத்துப்போன கோலங்கள் ரோலரில் தொடர்ந்து வந்தன. ரோலரில் வட்டம் ஏற்கெனவே தரையில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஐஸில் வெறும் வெள்ளைப் பரப்பு, வட்டத்தையும் ஆடுபவரே உண்டாக்க வேண்டும். அவளிடம் சொல்லுங்கள், லட்ஸ் பழக ஆரம்பிக்கும்போது அந்த "தண்டனை" கைகொடுக்கும். லட்ஸுக்கு வெளி விளிம்பில் பின்னோக்கி வந்து, வளைவுக்கு எதிர்ப் பக்கம் சுற்ற வேண்டும். பலருக்குக் கடைசி நொடியில் கால் உள் விளிம்புக்குச் சரிந்து அது ஃப்ளிப் என்ற வேறு தாவல் ஆகிவிடும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

பேக்ஃப்ளிப்பை நிலாமுற்றம் அக்காவே சொல்லட்டும், அவர் போனாலி ரசிகை.

#12 நிலாமுற்றம்

ரசிகைதான், ஒளிக்கவில்லை. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே படியுங்கள்.

1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிட்ஸ்கா பேக்ஃப்ளிப் அடித்தார். உடனே தடை வந்தது. ஆபத்து என்பது ஒரு காரணம். இரண்டு காலில் இறங்குவது ஸ்கேட்டிங் தாவலே இல்லை, தாவல் என்றால் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. காட்சி நிகழ்ச்சிகளில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சூர்யா போனாலி பிரான்ஸ்காரர், ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர், கறுப்பினப் பெண். தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். உலகப் போட்டியில் மூன்று வெள்ளி, தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. 1994இல் ஜப்பானில் யூகா சாட்டோவிடம் மயிரிழையில் தோற்றபோது மேடையில் ஏறவே தயங்கினார், போட்ட பதக்கத்தைக் கழற்றிவிட்டார். அரங்கம் கூச்சலிட்டது. "சக்தி இருக்கிறது, நளினம் இல்லை" என்பதுதான் அவர்மேல் எப்போதும் சொன்ன குறை. அதில் எவ்வளவு ஸ்கேட்டிங் பற்றியது, எவ்வளவு தோல் நிறம் பற்றியது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. அவருடைய விளிம்புகள் சாட்டோவுடையதைப் போல ஆழமாக இல்லை என்பது உண்மை. நளினம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரே ஒரு உடம்பை மனசில் வைத்துக்கொண்டு மார்க் போட்டார்கள் என்பதும் என் கண்ணுக்கு உண்மைதான்.

1998 நகானோ. காயம், பதக்கத்துக்கு வழியில்லை என்று தெரிந்துவிட்டது. நடுநிகழ்ச்சியில் பேக்ஃப்ளிப் அடித்தார், ஒற்றைக் காலில் இறங்கினார். "இரண்டு காலில் இறங்குவது தாவல் இல்லை" என்றீர்களே, இந்தாருங்கள் என்பது போல. மார்க் வெட்டினார்கள், பத்தாவது இடம். முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டிப் பார்வையாளர்களைப் பார்த்து வணங்கினார்.

2024இல் பிரான்ஸின் ஆதாம் சியாவோ ஹிம் ஃபா, தடை இருக்கும்போதே ஐரோப்பியப் போட்டியில் பேக்ஃப்ளிப் அடித்தார். இரண்டு புள்ளி போனது, போனால் போகட்டும் என்று பட்டத்தை வென்றார். அந்த மார்ச்சில் மான்ட்ரியல் உலகப் போட்டியில் ஷார்ட் புரோகிராமில் 19ஆவது. இரண்டு நாள் கழித்து, நீண்ட ஆட்டமான ஃப்ரீயில் மறுபடி பேக்ஃப்ளிப்போடு ஆடி வெண்கலம். அந்த ஜூனில் சம்மேளனம் தடையை எடுத்தது. இன்றைக்கும் அதற்கென்று தனிப் புள்ளி கிடையாது, வெட்டு மட்டும் இல்லை.

ஆக, வைகைக்கரை, பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: அன்றைக்கும் அது பாவம் இல்லை, இன்றைக்குப் புண்ணியமும் ஆகிவிடவில்லை. எதை ஸ்கேட்டிங் என்று சொல்வது என்பதில் ஆட்சேபம் இருந்தது, இப்போது அது தளர்ந்திருக்கிறது.

#13 குவாட் ராஜா

அக்கா, இதற்கு மட்டும் நூறு லைக். 🔥 ஆனால் மார்க் போடும் முறையைப் பற்றியும் சொல்லுங்கள். பழைய வீடியோவில் 5.8, 5.9 என்று வருகிறது, இப்போது முந்நூறு வருகிறது.

#14 ஸ்காபரோ சித்தப்பா

அது எங்கள் நாட்டுக் கதை, நான்தான் சொல்ல வேணும்.

முன்பு ஒவ்வொரு நடுவரும் 6.0க்கு மார்க் போடுவார். அந்த எண்ணைக் கூட்டுவதில்லை, அதிலிருந்து யார் முதல், யார் இரண்டாவது என்ற வரிசையை மட்டும் எடுப்பார்கள். எத்தனை நடுவர் உம்மை முதலாவதாக வைத்தார்கள் என்பதே கணக்கு. ஒன்பது பேரில் ஐந்து பேர் போதும்.

2002 சோல்ற் லேக் சிற்றி, ஜோடிப் பிரிவு. ரஷ்யாவின் பெரெஷ்னயாவும் சிகருலிட்ஸேயும் ஆடினார்கள், சிகருலிட்ஸே ஒரு தாவலில் இறங்கும்போது தடுமாறினார். எங்கள் ஜேமி சாலேயும் டேவிட் பெலெற்றியேயும் பிழையில்லாமல் ஆடினார்கள். முடிவு 5–4, ரஷ்யாவுக்கு. சனம் ஊளையிட்டது. பிறகு பிரெஞ்சு நடுவர், தன் சம்மேளனத்தின் அழுத்தத்தால் அப்படி வாக்களித்ததாகச் சொன்னார், பின்னர் அதை மறுத்தார். கடைசியில் இரண்டு ஜோடிக்கும் தங்கம் கொடுத்து முடித்தார்கள். ரஷ்ய ஜோடி கலை அழகில் குறைந்தவர்கள் இல்லை என்று சொல்லும் கனேடியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இங்கே சொல்லிப்போட்டுத் தப்ப முடியாது.

அதற்குப் பிறகுதான் 6.0 போய்ப் புதிய முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் ஸ்பின்னுக்கும் அடிப்படைப் புள்ளி, எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு ‑5 இலிருந்து +5 வரை, பிறகு மொத்த ஆட்டத்துக்கு மூன்று தலைப்பில் மார்க். நியாயம் கூடியது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாருடைய ஸ்பின்னும் ஒரே மாதிரி ஆனதும் அதனால்தான், புள்ளி கிடைக்கும் நிலைகளைத்தானே எல்லாரும் பிடிப்பார்கள்.

#15 மல்லிப்பந்தல்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தியப் பிள்ளை என்பதால் ஒன்று சேர்க்கிறேன்.

2009–10 சீசனில் ஐஸ் டான்ஸில், அதாவது பெரிய தாவல்கள் இல்லாமல் ஜோடியாக நடனம் ஆடும் பிரிவில், ஒரு பகுதிக்கு நாட்டுப்புற நடனம்தான் கருப்பொருள். அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு ஆடினார்கள். இந்திய நடனம் தெரிந்தவரிடம் முத்திரைகளும் கழுத்தசைவும் கற்றுக்கொண்டு ஆடியது. இந்தியாவில் அந்த வீடியோ ஓடு ஓடு என்று ஓடியது. அதே சீசனில் ரஷ்யாவின் டோம்னினாவும் ஷபாலினும் ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று பழுப்பு உடையில் வெள்ளைக் கோலம் வரைந்து ஆடினார்கள். பழங்குடித் தலைவர்களே கண்டித்தார்கள், வான்கூவரில் உடையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். எது ஏன் உறுத்துகிறது என்று அவளே சொல்வாள். டேவிஸ்-வைட் ஆட்டத்தில்கூட எனக்குச் சில இடங்கள் சுற்றுலா விளம்பரம் மாதிரித்தான் தெரிந்தன, ஆனால் கால்வேலை அபாரம்.

#16 குவாட் ராஜா

நீங்கள் எல்லாரும் கலை கலை என்கிறீர்களே என்று 1984 ஒலிம்பிக் ஐஸ் டான்ஸில் பிரிட்டனின் டோர்வில்–டீன் ஜோடி 'பொலேரோ' இசைக்கு ஆடியதைப் பார்த்தேன். தாவலே இல்லை. ஆனாலும் நான்கு நிமிஷமும் போனை எடுக்கவில்லை. ஏன் மண்டிபோட்டே தொடங்குகிறார்கள்?

#17 எட்டுக்கோடு

அது விதியை ஏமாற்றும் வித்தை. நேரம் 4 நிமிடம் 10 நொடிக்கு மேல் போகக் கூடாது. பொலேரோவை எவ்வளவு சுருக்கியும் 4:28க்குக் கீழே வரவில்லை. பிளேடு ஐஸில் பட்டு ஆடத் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடும் என்று விதியில் இருந்தது. அதனால் முதல் 18 நொடி முழங்காலில் நின்றே ஆடினார்கள். கலை அம்சத்துக்கு ஒன்பது நடுவரும் 6.0. அதற்கு எதிராக ஒரு விதியைக் காட்டவும் முடியவில்லை.

#18 நிலாமுற்றம்

வயசு விஷயத்தையும் மறக்காதீர்கள். 2022 பெய்ஜிங்கில் கமிலா வலியேவாவுக்கு 15 வயசு. ஊக்கமருந்து விவகாரம் வெடித்த பிறகும் தனிநபர் போட்டியில் ஆடவிட்டார்கள், விழுந்து விழுந்து நாலாவது வந்தார். 2024இல் விளையாட்டு நடுவர் மன்றம் நாலு வருஷத் தடை விதித்தது. 2022 ஜூனிலேயே சீனியர் போட்டிக்குக் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17 ஆக்க முடிவு செய்தார்கள். உங்கள் அக்கா மகளுக்குக் கிட்டத்தட்ட அதே வயசு. அந்த இரவில் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்ற பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அவளோடு பேச வேண்டும், குவாட் எண்ணிக்கையை இல்லை.

#19 குவாட் ராஜா

ஹன்யு பற்றி யாருமே பேசவில்லையே. 2011 பூகம்பத்தின்போது 16 வயசில் ஜப்பானின் செண்டாய் ஐஸ் தளத்தில் பயிற்சியில் இருந்தவர், ஸ்கேட்டோடவே வெளியே ஓடி வந்தவர். தளம் மூடிவிட்டதால் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி எடுத்து 2014, 2018 இரண்டு தங்கம். ரசிகர்கள் எறியும் பூ பொம்மைகள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் நேதன் சென் என்பவரைவிட அவர்தான்...

#20 மட்டுறுத்துநர்

ஹன்யு–சென் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஆரம்பித்தால் நகர்த்திவிடுவேன்.

#21 வைகைக்கரை

😄 சரி. போனாலி பதிலை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு அடுத்த கேள்வி: "நம்ம ஊர்ல ஐஸ்ல கால் வைக்க எங்க போகணும்?" இந்தியாவில் எங்கே இருக்கிறது?

#22 மல்லிப்பந்தல்

டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காகக் கட்டிய உள்ளரங்கம் இருக்கிறது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து 2025இல் மறுபடி திறந்தார்கள். சிம்லாவில் 1920இலிருந்து நடக்கும் திறந்தவெளித் தளம் உண்டு, அங்கே தண்ணீரை ஊற்றிக் குளிரில் தானாக உறைய விடுவார்கள். அதனால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள், காலை நேரத்துக்கே போங்கள், முந்தின இரவு மேகம் போட்டிருந்தால் ஐஸ் சரியாகப் பிடிக்காது. கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில், அவருடைய வீடியோக்களையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையுறை மறக்க வேண்டாம். ரோலரில் விழுந்து பழகியவர்கள் ஐஸில் கையை ஊன்றிவிடுவார்கள், பின்னால் வருபவரின் பிளேடு கூர்மையானது.